எலும்பில் இடைவெளி விழுந்தால்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் முறிந்த எலும்பு எப்படிக் கூடுகிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: எலும்பே இல்லாமல் போன இடத்தில் எதை வைப்பது? கேட்டவர்களில் பலர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 56 வயது. பைக்கில் போகும்போது லாரி இடித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அழுக்கேறிய துண்டுகளை எடுத்துவிட்டதால் 4 செ.மீ. அளவுக்கு அங்கே எலும்பே இல்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். இன்னொரு இடத்திலும் வெட்டணுமா? செயற்கை எலும்பு கிடைக்கிறதாமே, செலவானாலும் பரவாயில்லை, அதை வைக்கக் கூடாதா? — ஈரோடு வாசகி

உங்கள் டாக்டர் சொன்னது சரிதான். இடுப்பெலும்பைப் பழைய முறை என்று நினைத்துவிடாதீர்கள், புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் இன்றைக்கும் அதோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். காரணம், அதில் மூன்று விஷயங்கள் சேர்ந்தே வருகின்றன: எலும்பை உருவாக்கும் உயிரணுக்கள், அவற்றைத் தூண்டும் புரதங்கள், புது எலும்பு பற்றிப் படர ஒரு சட்டகம். ‘செயற்கை எலும்பு’ என்று சொல்கிறார்களே, அதில் பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான் இருக்கிறது. கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரி அது ஏறி நின்று வேலை செய்ய இடம் கொடுக்கும், அவ்வளவுதான். வேலை செய்ய வேண்டியது உங்கள் அப்பாவின் ரத்தமும் அவருடைய அணுக்களும்.

அந்தப் பொருள் பார்க்க எப்படி இருக்கும் என்று சொன்னால் இன்னும் புரியும். கிருமி நீக்கிய சின்ன பாட்டிலில் வெள்ளை வெளேரென்று மணிகள், ஒவ்வொன்றும் ஓரிரு மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். ஒன்றை விரலில் எடுத்து அழுத்தினால் பொடிந்துவிடும். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து ஊசியால் உறிஞ்சிய ரத்தத்தை அதன்மேல் விட்டால், கண் முன்னே உள்ளே இழுத்துக்கொண்டு கருஞ்சிவப்பாகி, கொஞ்ச நேரத்தில் ரத்தம் உறைந்து மணிகளெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கரண்டியால் அள்ளி எலும்பிலிருக்கும் குழியில் நிரப்புவோம். சுற்றிலும் உயிருள்ள எலும்புச் சுவர் இருக்கும் குழி என்றால், உதாரணத்துக்குச் சாதாரணக் கட்டியைச் சுரண்டி எடுத்த இடமோ முழங்கால் மூட்டின் அடித்தட்டு அமுங்கிப்போன இடமோ என்றால், இது அருமையாக வேலை செய்யும்.

உங்கள் அப்பாவின் கால் அப்படியில்லை. மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை, நடுவில் 4 செ.மீ. வெறும் இடம். உயிரணு ஒன்று பிழைத்திருக்க வேண்டுமானால் ரத்த நுண்குழாய் அதிலிருந்து 100 முதல் 200 மைக்ரானுக்குள், அதாவது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். நடுவில் மணிகளை மட்டும் கொட்டிவைத்தால் ஓரங்களில் எலும்பு வளரும், மையத்துக்கு ரத்தம் போய்ச் சேருவதற்குள் அங்கே எதுவும் மிஞ்சாது. எலும்பைப் பிடித்துவைக்கப் போட்ட உலோகத் தகடோ கம்பியோ சுமை முழுவதையும் தாங்கித் தாங்கி ஒருநாள் உடைந்துபோகும்.

டாக்டரிடம் இரண்டு வழிகளைப் பற்றியும் கேளுங்கள். ஒன்று, பிரான்ஸின் அறுவை நிபுணர் அலன் மாஸ்கலே கொண்டுவந்தது. முதலில் இடைவெளியில் எலும்பு சிமென்ட்டை வைத்து 6 முதல் 8 வாரம் விட்டுவிடுவார்கள். உடல் அதைச் சுற்றி ரத்தக்குழாய்கள் நிறைந்த ஒரு ஜவ்வை உருவாக்கும். பிறகு சிமென்ட்டை எடுத்துவிட்டு அந்த ஜவ்வுப் பைக்குள் இடுப்பெலும்புத் துணுக்குகளை நிரப்புவார்கள். அளவு போதாவிட்டால் அப்போது செயற்கை மணிகளைக் கலந்துகொள்ளலாம், அங்கேதான் அதற்கு இடம். இன்னொன்று இலிசரோவ் முறை, காலைச் சுற்றி வளையம் மாட்டி, எலும்பை ஓரிடத்தில் வெட்டி, அந்தத் துண்டை இடைவெளியை நோக்கி நாளைக்கு 1 மி.மீ. வீதம் நகர்த்துவது; அது விட்டுச்செல்லும் இடத்தில் புது எலும்பு வளரும். நகர்த்த ஒன்றரை மாதம்போல ஆகும் என்றாலும் புது எலும்பு கெட்டியாகும்வரை வளையம் இன்னும் பல மாதம் இருக்கும்.

இடுப்பில் வெட்டிய இடம் சில வாரம் வலிக்கும், சிலருக்கு இன்னும் நீடிக்கும், இதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன்: அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரா? சர்க்கரை இருக்கிறதா? எவ்வளவு விலை கொடுத்து எந்தப் பொருளை வாங்கி வைத்தாலும், புகையும் கட்டுப்படாத சர்க்கரையும் எலும்பு கூடுவதைக் கெடுக்கும். புகையை நிறுத்த ஒரு பைசா செலவில்லை, இன்றே நிறுத்தலாம்.

கணவருக்கு எலும்பில் சீழ் வைத்து ஆபரேஷன் செய்து, மருந்து கலந்த வெள்ளை உருண்டைகளை உள்ளே வைத்தார்கள். இப்போது தையல் ஓரத்தில் பால் போன்ற நீர் வடிகிறது. மறுபடி சீழா? — சேலம் வாசகி

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கால்சியம் சல்பேட்டாக இருக்கலாம், மாவுக்கட்டுக்குப் பயன்படுத்தும் பாரிஸ் சாந்தின் தூய்மையான வகை. எலும்புக் குழியை இதனால் நிரப்பலாம் என்று ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர் 1892-லேயே எழுதிவிட்டார். ஆன்டிபயாடிக்கைச் சுமந்து நின்று மெல்லக் கரைந்து, ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் காணாமல் போய்விடும். கரையும்போது இப்படி வெள்ளை நீர் கசிவது நடப்பதுதான். ஆனாலும் போனில் யாரையோ கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் சிவந்து சூடாக இருப்பது, வலி கூடுவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே போய்க் காட்டுங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் அடுத்த கட்டு மாற்றும்போது டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டும்.

பல் எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட் வைக்க எலும்பு போதவில்லை, பவுடர் வைக்கணும் என்றார் பல் டாக்டர். அது மாட்டு எலும்பு என்று நர்ஸ் சொன்ன பிறகு தூக்கமே வரவில்லை. நாங்கள் சுத்த சைவம். — நாகர்கோவில் வாசகி

அதிகம் பயன்படும் பவுடர்களில் ஒரு பெரிய பங்கு மாட்டு எலும்பிலிருந்து வருவதுதான், உண்மை. அதிலிருக்கும் கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தாது எலும்புக்கூட்டை மட்டும் வைத்திருப்பார்கள். மருத்துவ ரீதியாகப் பல ஆண்டுகள் பயன்பட்டு நல்ல பெயர் எடுத்த பொருள் அது. ஆனால் உங்கள் உடலில் எது போக வேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும், அதற்காக வெட்கப்படவோ விளக்கம் சொல்லவோ வேண்டியதில்லை.

மாற்று இருக்கிறது. முழுக்கத் தொழிற்சாலையில் தயாரான ஹைட்ராக்ஸி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட் (இரண்டும் கால்சியம் பாஸ்பேட் வகைகள்), இரண்டும் கலந்தது, அப்புறம் எலும்போடு ஒட்டும் ஒருவகைக் கண்ணாடியான பயோ கிளாஸின் துகள். சின்ன இடம் என்றால் உங்கள் தாடையிலிருந்தே கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் பலர் கேட்க மறந்துவிடுகிறார்கள்: பவுடரின் மேல் மூடும் மெல்லிய படலம். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த கொல்லாஜன் என்ற புரதம். இஸ்லாமிய வாசகர்களும் இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பவுடர் எது, படலம் எது என்று இரண்டையும் பொருளின் பெயரோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் வாயைத் திறக்காதீர்கள்.

கண்ணாடியை உடம்புக்குள் வைத்தால் எலும்பு அதில் ஒட்டிக்கொள்ளும் என்று படித்தேன். நம்பவே முடியவில்லை. — தஞ்சாவூர் வாசகர்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1960களின் கடைசி, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ராணுவம் நடத்திய ஒரு மாநாட்டுக்குப் போகும் பேருந்தில், புளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச் வியட்நாமிலிருந்து திரும்பியிருந்த ஒரு கர்னலின் பக்கத்தில் உட்கார்ந்தார். உடல் தள்ளிவிடாத ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று கர்னல் கேட்டார். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடல் ஏற்காமல் எத்தனையோ வீரர்களின் கைகால்களை வெட்ட வேண்டியிருந்தது என்பது அவர் வேதனை. ஹென்ச் யோசித்தது எளிமையாக இருந்தது: எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கிறது, அவை இரண்டும் உள்ள ஒரு கண்ணாடியைச் செய்து பார்ப்போமே.

1969-ல் அப்படிச் செய்ததுதான் பயோ கிளாஸ். அந்தக் கலவையில் எடைக்கு 45 விழுக்காடு சிலிக்கா, சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6. ஜன்னல் கண்ணாடியில் சிலிக்கா 70-க்கும் மேல் இருக்கும், அதனால்தான் மழையில் நனைந்தாலும் அது அப்படியே நிற்கிறது. இந்தக் கண்ணாடி நிற்காது. உடல் நீர் பட்டதும் சோடியம் வெளியேறும், மேற்பரப்பில் சிலிக்கா கூழ் போல ஒரு படிவமாக மாறும், அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து படிந்து மெல்ல எலும்பின் தாதுவாகவே படிகமாகும். அங்கே வரும் எலும்பு அணுவுக்கு அது அந்நியப் பொருளாகத் தெரிவதில்லை. எலியின் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது அதைப் பிடுங்கி எடுக்கவே முடியவில்லை. அதுவரை உடலுக்குள் வைத்த பொருளைச் சுற்றி உடல் ஒரு தழும்புத் திசுவைக் கட்டி ஒதுக்கிவைக்கும் என்றுதான் நினைத்திருந்தார்கள். எலும்போடு நேராகப் பிணையும் செயற்கைப் பொருள் என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அன்றைக்குப் புதிது.

எளிதில் உடைவதால் கால் எலும்புக்கு முட்டுக்கொடுக்க அது ஆகாது. காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புக்கு மாற்றாகவும், பல்லைச் சுற்றிய குழிகளை நிரப்பவும் பயன்பட்டது. பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளில் அதே குடும்பத்துத் தூள்தான் இருக்கிறது.

பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு எலும்பு பற்றி வளர உதவும் சாரம் (ஸ்கேஃபோல்ட்) எடுத்திருக்கிறோம். எந்தப் பொருள் பெஸ்ட்? துளை எவ்வளவு இருக்கணும்? — கோயம்புத்தூர் மாணவர்

பொருளை அப்புறம் பார்க்கலாம் தம்பி. எந்த எலும்பு, எவ்வளவு சுமை, எத்தனை மாதம் நிற்க வேண்டும் என்று முதலில் எழுதிவையுங்கள். அது தெரியாமல் பெஸ்ட் என்று ஒன்றும் கிடையாது.

துளை சுமார் 100 மைக்ரானாவது இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 300-க்கு மேல் இருந்தால் ரத்தக்குழாய்களும் கூடவே நுழையும், எலும்பு நன்றாக உருவாகும் என்பது இப்போது பொதுவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் துளையின் அளவைவிட, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு வழி இருக்கிறதா என்பதைப் பாருங்கள். 70 விழுக்காடு துளை என்று அறிக்கையில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றும் தனித்தனியாக மூடிக் கிடந்தால் உள்ளே எதுவும் போகாது. இந்த வழி விஷயத்தில் பவளம் கெட்டி. அமெரிக்காவில் டெல்லா ராய் 1974-ல் பவளத்தின் சுண்ணாம்பை அதன் துளை வடிவம் கெடாமல் ஹைட்ராக்ஸி அபடைட்டாக மாற்றிக் காட்டினார், அது மருத்துவப் பயன்பாட்டுக்கும் வந்தது. (மன்னார் வளைகுடா பக்கத்தில் இருக்கிறதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் பவளப்பாறைகள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை.)

துளையைக் கூட்டினால் பலம் குறையும், இதுதான் ஓயாத இழுபறி. வெளி ஓட்டின் கெட்டி எலும்பு 100 முதல் 200 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும், உள்ளே இருக்கும் பஞ்செலும்பு 2 முதல் 12 வரைதான். நீங்கள் செய்யும் பீங்கான் சாரம் பெரும்பாலும் இரண்டாவது வரிசையில்தான் வந்து நிற்கும். டைட்டானியம் போட்டுப் பலத்தைக் கூட்டலாம், ஆனால் அது கரையாது, அதோடு எலும்பைவிடப் பல மடங்கு விறைப்பு என்பதால் சுமையெல்லாவற்றையும் தானே வாங்கிக்கொள்ளும். சுமை படாத எலும்பு மெலிந்துபோகும்.

பெரும்பாலானவர்கள் அசட்டையாக விடுவது கரையும் வேகம். கால்சியம் சல்பேட் சில வாரங்களில் போய்விடும். டிரைகால்சியம் பாஸ்பேட்டுக்கு அரை வருடம் முதல் இரண்டு வருடம், ஹைட்ராக்ஸி அபடைட் பல வருடம் அப்படியே இருக்கும். பாலிமரில் பாலிலாக்டிக் அமிலம் கரையும்போது அமிலத்தை விடும், பெரிய துண்டாக இருந்தால் சுற்றியுள்ள திசு வீங்கும். பாலிகேப்ரோலாக்டோன் மெதுவாக இரண்டு வருடம்போல எடுத்துக்கொள்ளும்; சிங்கப்பூரில் அதை வலைபோல அச்சிட்டு, மண்டையோட்டில் போட்ட துளைகளை மூடும் பொருளாக்கி, 2006-ல் அமெரிக்க அனுமதியும் வாங்கினார்கள். மக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். புது எலும்பு வருகிற வேகத்துக்கும் சாரம் போகிற வேகத்துக்கும் பொருத்தம் அமைந்தால் பாதி வேலை முடிந்தது. முன்னால் போனால் இடிந்துவிடும், பின்னால் நின்றால் எலும்புக்கு இடம் இருக்காது.

கட்டுரைகள் படிக்கும்போது எந்த விலங்கு, எந்த எலும்பு என்று பாருங்கள். எலியின் மண்டையோட்டில் 8 மி.மீ. துளையை மூடியது நல்ல தொடக்கம். ஆனால் அந்த எலும்பு நடப்பதில்லை. ஆட்டின் கால் எலும்பில் சில செ.மீ. இடைவெளியை மூடிய ஆய்வு கிடைத்தால் அதை இரண்டு முறை படியுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள்: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனம் ஹைட்ராக்ஸி அபடைட்டிலும் பயோ கிளாஸிலும் வெகுகாலமாக வேலை செய்கிறது; கொல்லாஜனுக்குச் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். கல்லூரிக் கடிதத்தோடு போனால் நல்லது.

அண்ணனுக்குப் புகையிலைப் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய். கீழ்த்தாடையில் பாதியை எடுக்கப் போகிறார்கள். வெளிநாட்டில் ஒருவருக்கு முதுகிலேயே தாடை வளர்த்து வைத்தார்களாம். அதை இங்கே செய்வார்களா? — மதுரை வாசகர்

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. ஜெர்மனியின் கீல் நகரத்தில் நடந்தது, 2004-ல் வெளியானது. டைட்டானியம் வலையைத் தாடை வடிவில் செய்து, எலும்புத் தாது கட்டிகளை உள்ளே அடுக்கி, அவருடைய மஜ்ஜையையும் எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி-7 என்ற புரதத்தையும் சேர்த்து, முதுகுத் தசைக்குள் ஏழு வாரம் வைத்திருந்தார்கள். தசையின் ரத்தக்குழாய்கள் உள்ளே நுழைந்த பிறகு அந்தக் குழாய்களோடு சேர்த்து எடுத்துத் தாடையில் பொருத்தினார்கள். வருடக்கணக்கில் கஞ்சியும் கூழுமாக இருந்த மனிதர் பல்லில்லாமலே மென்று தின்றார். ஆனால் பின்னால் வலை உடைந்தது, தொற்றும் வந்தது, அது எல்லோருக்கும் செய்யும் சிகிச்சையாகவில்லை.

உங்கள் அண்ணனுக்கு அதைத் தேடி அலைய வேண்டாம். காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள மெல்லிய எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்து வைக்கும் ஆபரேஷன் தமிழ்நாட்டிலேயே தேர்ந்த கைகளால் நடக்கிறது. கணுக்கால் பக்கம் கொஞ்சம் விட்டுவைப்பார்கள், நடக்க முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுக்க நேர்ந்தால், தன் ரத்த ஓட்டத்தோடு வந்த எலும்புதான் அதைத் தாங்கும், வெறும் சாரம் தாங்காது. எலும்பு வளரத் தூண்டும் பிஎம்பி வகைப் புரதங்களைப் புற்றுநோய் இருந்த இடத்தில் பயன்படுத்தவும் கூடாது. தாடையை எடுக்கும் அன்றே இதையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். எல்லா இடத்திலும் முடியாது, முடிகிற இடம் இருந்தால் அங்கே மாற்றிக்கொள்வதற்கு இப்போதே பேசுங்கள், புற்றுநோய் ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல்.

கழுத்துப் பகுதி முதுகெலும்பு ஆபரேஷனில் எலும்பு சீக்கிரம் கூடுவதற்கு பிஎம்பி வைக்கலாம் என்கிறார்கள். பாதுகாப்பானதா? — டொரண்டோ வாசகர்

கழுத்தின் முன்பக்கமாகச் செய்வதென்றால் எச்சரிக்கையாக இருங்கள். இந்தப் புரதத்தின் கதை 1965-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட்டிடம் தொடங்குகிறது: தாது நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தார், எலும்புக்குச் சம்பந்தமே இல்லாத அந்த இடத்தில் எலும்பு முளைத்தது. 2002-ல் பிஎம்பி-2-ஐக் கொல்லாஜன் பஞ்சில் நனைத்து இடுப்புப் பகுதி முதுகெலும்பில் முன்பக்கமாக வைக்க அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலர் அதைக் கழுத்துக்கும் பயன்படுத்தினார்கள். தொண்டை வீங்கி மூச்சுத் திணறல் வந்ததால் 2008-ல் அமெரிக்க மருந்து ஆணையம் எச்சரிக்கை வெளியிட்டது. பஞ்சு அந்தப் புரதத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதில்லை, ஆரம்பத்திலேயே நிறைய கொட்டிவிடுகிறது, அதனால் அளவும் மிக அதிகமாக வைக்க வேண்டியிருக்கிறது. மெதுவாக விடும் சாரத்துக்குத்தான் இன்று ஆய்வகங்களில் இவ்வளவு முயற்சி. உங்களுக்கு ஏன் அது தேவை, அது இல்லாமல் எலும்பு கூடாதா என்று நேராகக் கேளுங்கள்.

பிரண்டை சாப்பிட்டால் எலும்பு கூடுமா? — விருதுநகர் வாசகி

பனாரஸில் 1960களிலேயே விலங்குகளில் பார்த்து, முறிவு கூடுவதற்கு உதவுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். அதன் சாற்றைச் சாரத்தில் சேர்த்துப் பார்க்கும் ஆய்வுகளும் வந்துகொண்டிருக்கின்றன. துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள். கட்டைப் பிரித்துவிட்டு அரைத்துப் பூசுவது வேண்டாம், இடைவெளி விழுந்த எலும்புக்கு அது ஈடாகாது.

பல வருடத்துக்கு முன் கையில் கட்டி எடுத்து செயற்கை எலும்பு வைத்தார்கள். எக்ஸ்ரேயில் இன்னும் வெள்ளையாகத் தெரிகிறது. கரையவில்லையே என்று பயமாக இருக்கிறது. — புதுச்சேரி வாசகர்

ஹைட்ராக்ஸி அபடைட்டாக இருந்தால் அப்படித்தான் தெரியும். துளைகளுக்குள் எலும்பு புகுந்து இரண்டும் ஒன்றாகிவிட்டிருக்கும், எடுக்க வேண்டியதில்லை. வலியில்லை, கை நன்றாக வேலை செய்கிறது என்றால் விட்டுவிடுங்கள். புதிதாக வலி வந்தாலோ, பழைய படத்தில் இல்லாத கருப்பு வளையம் அதைச் சுற்றித் தெரிந்தாலோ காட்டுங்கள். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வேண்டும்.